சாட்டையால் எழுந்த நாடு அல்ல

ரஷ்யாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் “அந்த நாட்டுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் சரி” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஸ்டாலினை நேசிக்கும் தோழரும் சொல்கிறார். கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கிறவரும் புதினை மனத்தில் வைத்துக்கொண்டு அதையே சொல்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் மட்டும் ஒத்துப்போவதாலேயே இது உண்மை போலத் தோன்றத் தொடங்கிவிட்டது. பரந்த நாடு, கடுங்குளிர், நாலாபுறமும் பகை, அடங்காத மக்கள். அங்கே இரும்புக்கரம் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது என்கிறார்கள். கொடியவர் என்று பெயரெடுத்த நான்காம் இவான் நாட்டைச் சேர்த்தாராம், பீட்டர் அதை ஐரோப்பாவுக்கு இணையாக்கினாராம், ஸ்டாலின் வல்லரசாக்கினாராம். இளகிய மனம் படைத்த இரண்டாம் நிக்கோலஸும் கோர்பச்சேவும் கோட்டைவிட்டார்களாம்.

இது பொய். வெறும் தவறு என்று சொல்லி விட்டுவிட முடியாத அளவுக்குத் தீங்கான பொய். இரும்புக்கரங்களின் கீழ் ரஷ்யாவின் எல்லை விரிந்தது உண்டு, ஆலைகள் எழுந்ததும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு கொடுங்கோலரின் கணக்கையும் அவர் செத்த நாளோடு மூடிவிடுகிறார்கள். அவர் வைத்துவிட்டுப் போன கடனை அடுத்து வந்தவரின் பேரேட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த மனிதர் இறந்த பிறகு வந்த இருபது முப்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். கதை தலைகீழாக மாறிவிடும்.

இவானிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அவருடைய ஆட்சியைப் போல வசதியானது வேறில்லை. ஒரே மனிதர் இரண்டு விதமாக ஆண்டார். 1547-ல் பதினாறு வயதில் ஜாராக முடிசூடியவர், முதல் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் அதாஷெவ், பாதிரியார் சில்வெஸ்டர் போன்ற ஆலோசகர்களின் சொல் கேட்டு ஆண்டார். 1549-ல் பல தரப்பினரையும் கூட்டி ஆலோசிக்கும் ‘ஜெம்ஸ்கி சொபோர்’ கூடியது. 1550-ல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. மாஸ்கோ அனுப்பிய ஆளுநர்கள் ஊர்களைச் சுரண்டித் தின்ற பழைய முறையை மாற்றி, பல இடங்களில் ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த பெரியவர்களிடம் வரி வசூலை ஒப்படைத்தார்கள். 1552-ல் கசானும் 1556-ல் அஸ்த்ரகானும் கைக்கு வந்தன. வோல்கா நதி முழுவதும் ரஷ்யாவின் வசமானது. இவான் நாட்டைச் சேர்த்தார் என்று புகழ்கிறவர்கள் காட்டும் வெற்றிகளில் பெரியவை இந்தக் காலத்தில் வந்தவை. அதாவது, சாட்டை இன்னும் சுழலாத காலத்தில்.

1560 வாக்கில் ஆலோசகர்கள் துரத்தப்பட்டார்கள். 1565-ல் நாட்டின் ஒரு பகுதியைத் தனக்கே தனக்கென்று வெட்டியெடுத்து, ‘ஒப்ரீச்னினா’ என்னும் கறுப்பு உடைப் படையை இவான் மக்கள்மீது ஏவினார். கண்டித்துப் பேசிய தலைமைப் பேராயர் பிலிப் 1569-ல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். 1570-ல் நோவ்கொரோத் நகரத்துக்குள் ஜாரே படையோடு புகுந்தார். வாரக்கணக்கில் நடந்த கொலையில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். பகைவர்களுடைய நகரம் அல்ல அது, சொந்த நாட்டின் இரண்டாவது பெரிய வணிக மையம். சரி, இவ்வளவு பயங்கரத்துக்கும் பலனாக நாடு காப்பாற்றப்பட்டதா? மறு ஆண்டே, 1571-ல், கிரீமிய கான் மாஸ்கோவை எரித்தான். நிராயுதபாணிகளைக் கொன்று பழகிய ஒப்ரீச்னினா படை அவன்முன் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு கான் திரும்பி வந்தபோது, மொலோதி என்னும் இடத்தில் அவனை முறியடித்தது ஒப்ரீச்னினாவும் நாட்டின் மற்றப் பகுதியும் சேர்ந்து நின்ற படை. ஒப்ரீச்னினாவை இவானே அந்த ஆண்டு கலைத்துவிட்டார். இருபத்தைந்து ஆண்டு நடந்த லிவோனியப் போர் 1583-ல் தோல்வியில் முடிந்து, பால்டிக் கரையில் இருந்த நார்வா உட்படப் பலவும் போயின. விவசாயிகள் ஓடிப்போய் வயல்கள் தரிசாகின. ஓடுகிறவர்களைப் பிடித்து நிறுத்த, நிலச்சுவான்தாரை விட்டு விலகும் பழைய உரிமையை 1581 முதல் முடக்கத் தொடங்கினார்கள். மூன்று நூற்றாண்டு நீடித்த பண்ணையடிமைத்தனத்தின் வேர்களில் ஒன்று இந்தப் பாழில் இருக்கிறது. அதே 1581-ல் மூத்த மகனை அடித்துக் கொன்று, வாரிசு வழியையும் இவான் தன் கையாலேயே அறுத்துவிட்டார்.

அவர் 1584-ல் இறந்தார். 1598-ல் வம்சம் அற்றுப்போனது. அதன் பிறகு வந்ததை ரஷ்யர்கள் ‘குழப்பக் காலம்’ என்கிறார்கள்: 1601 முதல் 1603 வரை கொடிய பஞ்சம், ஜார் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்த போலிகள், போலந்துப் படை கிரெம்ளினுக்குள், ஸ்வீடன் படை நோவ்கொரோதில். இதற்கான பழியை அப்போது ஜாரான போரிஸ் கொதுனோவ் மேல் போடுவார்கள். பாவம், அவர் இவானின் கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் ரஷ்ய வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. இரும்புக்கர பக்தர்கள் இதை வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள். 1610-ல் அப்போதிருந்த ஜாரும் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். தலைநகரம் அந்நியர் கையில். உயர்குடிப் பிரபுக்கள் பலர் போலந்து இளவரசனுக்கே விசுவாசம் சொல்லிவிட்டார்கள். இரும்புக்கர பக்தர்களின் வாதப்படி பார்த்தால், தலைவன் இல்லாத ரஷ்யா அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1611 இலையுதிர்காலத்தில் நீழ்னி நோவ்கொரோத் என்னும் வோல்கா நகரத்தில் குஸ்மா மீனின் என்ற இறைச்சி வணிகர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். சொத்தில் பங்கு கொடுங்கள், படை திரட்டுவோம் என்றார். ஊர் கொடுத்தது. அக்கம்பக்கத்து நகரங்களுக்குக் கடிதங்கள் போயின; அவையும் ஆளும் பணமும் அனுப்பின. காயம்பட்டு ஓய்விலிருந்த போஷார்ஸ்கி என்ற இளவரசரைப் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். யாரோஸ்லாவ்லில் மாதக்கணக்கில் தங்கி, ‘முழு நாட்டின் அவை’ என்ற பெயரில் ஒரு தற்காலிக ஆட்சியையே நடத்தினார்கள். நாணயம் அடித்தார்கள், வரி வாங்கினார்கள், வெளிநாடுகளோடு பேசினார்கள். 1612 இலையுதிர்காலத்தில் கிரெம்ளின் மீட்கப்பட்டது. 1613-ல் நகரத்தார், கொசாக்குகள், சிறு பிரபுக்கள் எல்லாரும் கூடிய அவை மிக்கேல் ரோமானோவ் என்ற பதினாறு வயதுப் பையனை ஜாராகத் தேர்ந்தெடுத்தது. ரஷ்யா என்ற நாடு இன்று இருப்பதற்கே காரணமான அந்த மீட்சியைச் செய்தது ஒரு ஜார் அல்ல. ஜாரே இல்லாத ஆண்டுகளில், ஊர்க்கூட்டங்கள் செய்தன. மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் மீனினுக்கும் போஷார்ஸ்கிக்கும் 1818 முதல் சிலை நிற்கிறது. 2005 முதல் நவம்பர் 4 அன்று அரசே அந்த வெற்றியைக் கொண்டாடுகிறது. கொண்டாடிவிட்டு, மக்களுக்குத் தலைவன் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்றும் சொல்கிறது.

பீட்டர் வேறு மாதிரி மனிதர். அவருடைய ஆற்றலை யாரும் குறைத்துப் பேச முடியாது. 1703-ல் பீட்டர்ஸ்பர்க், 1709-ல் போல்தாவா வெற்றி, 1721-ல் பால்டிக் கரை, கடற்படை, அறிவியல் கழகம் என்று அவர் செய்தது ஏராளம். ஆனால் இருளில் கிடந்த நாட்டைத் தனியொருவர் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார் என்பது அவரே பரப்பிய சித்திரம். அவர் பிறப்பதற்கு முன்பே, பசிபிக் கரை வரை ரஷ்யர்கள் போய்விட்டார்கள். அங்கிருந்த பழங்குடிகளுக்கு அது பேரழிவு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த விரிவை நடத்தியது மாஸ்கோவின் சாட்டை அல்ல, மென்மயிர்த்தோல் தேடிப் போன கொசாக்குகளும் வணிகர்களும்தான். ஐரோப்பிய முறைப் படைப்பிரிவுகள் அவருடைய தந்தை காலத்திலேயே வந்துவிட்டன. அவர் சேர்த்தது வேகம். அந்த வேகத்துக்கான விலையைக் கட்டியவர்கள் விவசாயிகள். 1710-ல் வீடுகளைக் கணக்கெடுத்தபோது 1678-ல் இருந்ததைவிட வீடுகள் குறைந்திருந்தன. வரிக்கும் படைக்கும் கட்டாய வேலைக்கும் பயந்து மக்கள் ஓடியிருந்தார்கள். 1721-ல் ஆலை முதலாளிகள் கிராமங்களை ஆட்களோடு சேர்த்து வாங்கலாம் என்று அனுமதித்தார். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆலைகள் பெருகும் முன்பே பண்ணையடிமைத்தனம் கரைந்திருந்தது. ரஷ்யாவில் ஆலையே அடிமைத்தனத்தின்மேல் கட்டப்பட்டது. ஆண் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று 1724-ல் அவர் போட்ட தலைவரி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஏழைகளின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

இவரும் தன் மகனைக் கொன்றார். அலெக்சேய் 1718-ல் சித்திரவதைக்குப் பின் சிறைக்கோட்டையில் இறந்தார். அடுத்தவரை ஆள்கிறவரே நியமிக்கலாம் என்று 1722-ல் சட்டம் போட்டுவிட்டு, யாரையும் நியமிக்காமல் 1725-ல் கண்மூடினார். அடுத்த முப்பத்தேழு ஆண்டுகள் அரண்மனைக் காவல்படை யாரை விரும்பியதோ அவர்தான் அரசர். ஆறாம் இவான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, வாழ்நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்து, 1764-ல் காவலர்களால் கொல்லப்பட்டார். இரும்புக்கர ஆட்சியின் பெரிய ஓட்டை இதுதான். எல்லா அதிகாரமும் ஒரு மனிதரின் உடலில் இருக்கும்போது, அந்த உடல் சாய்ந்தால் அரசே சாய்கிறது. பலமான ஆட்சி என்று நாம் பெயர் வைத்திருப்பது, கைமாறத் தெரியாத ஆட்சிக்குத்தான்.

முதலாம் நிக்கோலஸைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 1825 முதல் 1855 வரை முப்பது ஆண்டு. ரகசியப் போலீஸ், தணிக்கை, மாறுபட்டு எழுதிய சாதாயேவை 1836-ல் பைத்தியம் என்று அறிவித்த அரசு. ஒழுங்கு வேண்டுமென்றால் இவரைவிட ஒழுங்கானவர் கிடையாது. அந்த ஒழுங்கு கிரீமியப் போரில் அம்பலமானது. தெற்கே படையைக் கொண்டுபோக ரயில் பாதை இல்லை. எதிரியின் புதிய துப்பாக்கிகளுக்கு எதிரே பழைய துப்பாக்கிகள். தோற்ற நாட்டைக் கையிலெடுத்த இரண்டாம் அலெக்சாண்டர் 1861-ல் 2 கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தார். 1864-ல் ஜூரி விசாரணையும், ‘ஜெம்ஸ்த்வோ’ என்னும் உள்ளாட்சி மன்றங்களும் வந்தன. கிராமத்துப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியவை இந்த மன்றங்கள்தான். 1892-ல் காலரா பரவியபோது மேலிஹொவோ சுற்றுவட்டாரத்தில் ஊதியம் வாங்காமல் வைத்தியம் பார்த்த செகாவ், ஜெம்ஸ்த்வோ மருத்துவராகத்தான் வேலை செய்தார். அவருடைய கதைகளை இத்தனை காலமாகத் தமிழில் படிக்கிறோம். அந்தக் கதைகளில் வரும் மருத்துவர்களும் ஆசிரியைகளும் கட்டிய ரஷ்யாவை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அடுத்து, கோட்டைவிட்டார் என்று சொல்லப்படும் இரண்டாம் நிக்கோலஸ். குடும்பத்தை நேசித்த சாதுவான மனிதர், அதனால்தான் அரியணை போயிற்று என்பது எவ்வளவு பெரிய புனைவு! 1895 ஜனவரியில், ஆட்சியில் தங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்குமா என்று பணிவாகக் கேட்ட ஜெம்ஸ்த்வோ பிரதிநிதிகளிடம் அது அர்த்தமற்ற கனவு என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். 1905 ஜனவரியில், அவருடைய படத்தையே ஏந்திக்கொண்டு மனுக்கொடுக்க வந்த தொழிலாளர்களை அவருடைய படை சுட்டது. புரட்சிக்குப் பயந்து தூமா என்ற நாடாளுமன்றத்தை அனுமதித்தார். முதல் தூமாவை மூன்று மாதம்கூட விட்டுவைக்காமல் கலைத்தார், இரண்டாவதையும் 1907-ல் கலைத்து, தனக்குத் தோதாகத் தேர்தல் சட்டத்தை மாற்றினார். அவசர ராணுவ மன்றங்கள் ஆயிரம் பேருக்கு மேல் தூக்கு விதித்தன. 1915-ல் படைத்தலைமையையும் தானே எடுத்துக்கொண்டார். அதிகாரத்தைப் பங்கிட மறுத்து மறுத்துத்தான் 1917-ல் அவர் விழுந்தார். அந்த வீழ்ச்சியைக் கேட்டுப் புதுச்சேரியிலிருந்து பாரதி ‘புதிய ருஷ்யா’ பாடினார். இரும்பு கொஞ்சம் குறைந்ததால் விழுந்த அரசன் என்று பாரதிக்குத் தோன்றவில்லை.

ரஷ்யர்களுக்கு வாக்குரிமையில் ஆர்வமே கிடையாது என்கிறவர்கள் அந்த 1917-ஐ இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஜார் போன சில மாதங்களில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் முன்னதாக. நவம்பரில், போருக்கும் பசிக்கும் நடுவே, அரசியல் நிர்ணய சபைக்கு 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். விவசாயிகளின் கட்சியான சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள் முதலிடத்தில் வந்தார்கள். போல்ஷெவிக்குகளுக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சபை 1918 ஜனவரியில் ஒரே ஒரு நாள் கூடியது. மறுநாள் வந்த உறுப்பினர்களுக்குக் கதவு திறக்கவில்லை. கதவைச் சாத்தியது ஆயுதம் தாங்கிய காவல். ரஷ்யர்கள் ஜனநாயகத்தை வேண்டாமென்று தூக்கியெறிந்ததாக எழுதுகிறவர்கள், யார் எதை யாரிடமிருந்து பறித்தார்கள் என்பதை மாற்றி எழுதுகிறார்கள்.

இனி ஸ்டாலின். இந்த நம்பிக்கையின் நடுத்தூண் அவர்தான். ஏர்க்கலப்பையோடு ஏற்ற நாட்டை அணுகுண்டோடு விட்டுச்சென்றார் என்று சர்ச்சில் புகழ்ந்ததாக மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்தக் கருத்து சர்ச்சிலுடையது அல்ல. ஸ்டாலினைக் கடுமையாக விமர்சித்த ஐசக் டாய்ட்ஷர் 1953-ல் எழுதியது. அவர் ஸ்டாலினுக்குக் கொடுத்த மொத்த மதிப்பெண் அது அன்று. தவிர, ஸ்டாலின் ஏற்றது வெறும் கலப்பை பூட்டிய நாடும் அல்ல. 1890-களில் உலகிலேயே வேகமாகத் தொழில் வளர்ந்த நாடுகளில் ஒன்று ரஷ்யா. சைபீரியாவைக் கடக்கும் ரயில் பாதை புரட்சிக்கு முன்பே ஓடிவிட்டது. சோவியத் காலத்தின் எழுத்தறிவு இயக்கம் மகத்தானது. 1897-ல் நூற்றுக்கு 21 பேருக்கே எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டை அது மாற்றியது. அதைச் செய்தவர்கள் கிராமம் கிராமமாகப் போன ஆசிரியைகள். எழுத்தறிவு இயக்க ஆணை வந்தது 1919-ல். அதற்கு எந்தப் படுகொலையும் தேவைப்படவில்லை.

ஹிட்லரை வென்றாரே என்பார்கள். வென்றவர்கள் சோவியத் மக்கள். ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் உயிர்களைக் கொடுத்து வென்றார்கள். அந்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்று கேட்க வேண்டாமா? போருக்கு முன்பு ஐந்து மார்ஷல்களில் மூவரை, துஹாசெவ்ஸ்கியையும் பிளூஹெரையும் யெகோரொவையும், அழித்தவர் ஸ்டாலின்தான். ஜெர்மனி தாக்கப்போகிறது என்று டோக்கியோவிலிருந்து ஸோர்கே உட்பட உளவாளிகள் எச்சரித்தும் நம்பவில்லை. அது வெறும் வதந்தி என்று 1941 ஜூன் 14 அன்று அரசுச் செய்தி நிறுவனத்தை அறிக்கை விடவைத்தார். ஜூன் 22 விடியற்காலை குண்டு விழுந்தது. கீவ் நகரத்திலிருந்து படையைப் பின்வாங்க அனுமதியுங்கள் என்று தளபதிகள் மன்றாடியபோது மறுத்தார். செப்டம்பரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சிறைபிடிக்கப்பட்டதாக ஜெர்மனி அறிவித்தது. பின்னாளில் வெற்றிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ரொகொஸொவ்ஸ்கி, 1937 முதல் 1940 வரை ஸ்டாலினின் சிறையில் அடிபட்டுக் கிடந்தவர். சிறையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டவர் வென்றார் என்றால், அந்தச் சிறையை வெற்றிக்குக் காரணம் என்பது என்ன நியாயம்?

விஞ்ஞானத்திலும் இதே கதைதான். கத்யூஷா ராக்கெட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரான லாங்கெமாக் 1938 ஜனவரியில் சுடப்பட்டார். அவரோடு அதே நிறுவனத்தில் வேலை செய்த கொரொல்யோவ் அந்த ஆண்டே கைதாகிக் கொலிமா தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். நோயில் பற்கள் உதிர்ந்தன, உயிர் மட்டும் தப்பியது. உலகத்தின் விதைகளையெல்லாம் சேகரித்த நிக்கொலாய் வவீலொவ் 1943-ல் சரத்தொவ் சிறையில் பட்டினியால் இறந்தார். முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராதில் அவருடைய உதவியாளர்கள், கையருகே மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தும், விதைகளைத் தொடாமல் பசியால் மடிந்தார்கள். கொரொல்யோவ் செய்த ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4 அன்று பறந்தது. ககாரின் 1961-ல் பறந்தார். ஸ்டாலின் செத்து, முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வீடு திரும்பி, குருஷேவ் 1956-ல் அந்தக் கொடுமைகளை வாய்விட்டுப் பேசிய பிறகு. ரஷ்யா உலகத்தை வியக்கவைத்த அந்த நாட்கள், பிடி தளர்ந்த நாட்கள்.

வயலுக்கு வருவோம், ஏனென்றால் 1991-ன் விதை அங்கேதான் விழுந்தது. முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யா உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. 1929 முதல் விவசாயிகளைக் கூட்டுப்பண்ணைகளுக்குள் அடித்துத் தள்ளினார்கள். நன்றாக உழுதவர்களைக் ‘குலாக்’ என்று நாடுகடத்தினார்கள். 1932, 1933 பஞ்சத்தில் உக்ரைனிலும் கஸகஸ்தானிலும் ரஷ்யாவின் தென்பகுதிகளிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1937-ல் மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததால், கணக்கையே மறைத்து, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள், சிலரைச் சுட்டார்கள். அதன் பிறகு சோவியத் விவசாயம் முழுதாக எழுந்திருக்கவேயில்லை. 1963 முதல் வெளிநாட்டுத் தானியம் வாங்க வேண்டிவந்தது. அதற்கான பணம் எண்ணெயிலிருந்து வந்தது. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. கோர்பச்சேவ் காலத்துக் காலிக் கடைகளைக் காட்டி அவரைத் திட்டுகிறவர்கள், அந்த அலமாரிகள் காலியாகத் தொடங்கிய ஆண்டைப் பார்ப்பதில்லை.

சோவியத் ஒன்றியத்தை உடைத்தவரும் அவரல்ல. பால்டிக் நாடுகள் ஏன் முதலில் கிளம்பின? ஹிட்லரோடு செய்த உடன்படிக்கையின்படி ஸ்டாலின் 1940-ல் அவற்றை விழுங்கியதால். உக்ரைன் ஏன் மறக்கவில்லை? செசென்யர்கள் ஏன் மறக்கவில்லை? 1944 பிப்ரவரியில் ஓர் இனத்தையே சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பினால் யார் மறப்பார்கள்? இத்தனைக்கும், 1991 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில், பங்கேற்ற குடியரசுகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் புதுப்பிக்கப்பட்ட ஒன்றியத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஆகஸ்ட் 20 என்று நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 19 அன்று, பாதுகாப்பு அமைச்சர் யாஸொவும் கேஜிபி தலைவர் கிரியூச்கொவும் மற்றவர்களும் டாங்கிகளை மாஸ்கோ தெருவில் இறக்கினார்கள். நாட்டைக் காப்பாற்ற இரும்புக்கரம் வேண்டும் என்று நம்பியவர்கள் அவர்கள். மூன்றே நாளில் அவர்கள் முயற்சி தோற்றது. ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் விடுதலை அறிவித்தது. டிசம்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்க இணங்கிய குடியரசுகளையும் வெருட்டி ஓட்டியது அந்த டாங்கிகள்தான். கோர்பச்சேவிடம் குறைகள் உண்டு. செர்னோபில் விபத்தை முதல் நாட்களில் மறைத்ததும், பால்டிக் நாடுகளில் ரத்தம் சிந்தவிட்டதும் அவர் ஆட்சியில்தான். ஆனால் அவையெல்லாம் பழைய கரத்தின் பழக்கங்கள்.

எல்த்சின் 1993-ல் நாடாளுமன்றத்தை டாங்கியால் சுட்டுவிட்டு, அதிபரிடம் அதிகாரத்தைக் குவித்த அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்தார். புதின் அதை வாரிசாகப் பெற்றார். புதின்தான் பொருளாதாரத்தை நிமிர்த்தினார் என்பதற்கும் ஒரு தேதி இருக்கிறது: வளர்ச்சி அவர் அதிபராவதற்கு முன்பு 1999-லேயே திரும்பிவிட்டது. 1998-ல் பீப்பாய் 12 டாலர் அளவில் கிடந்த எண்ணெய் 2008-ல் 140 டாலரைத் தாண்டியது. வேறென்ன விளக்கம் வேண்டும்?

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. அந்த மக்களுக்கே அப்படித்தான் பிடிக்கும், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். நோவ்கொரோத் 1136-ல் தன் இளவரசரைப் பிடிக்காமல் வெளியேற்றிய நகரம். ‘வேச்சே’ என்னும் நகரக்கூட்டம் அங்கே மணியடித்துக் கூடியது. பணக்காரக் குடும்பங்களின் கை ஓங்கிய கூட்டம்தான், ஆனாலும் கூட்டம். 1951 முதல் அந்த மண்ணைத் தோண்டத் தோண்ட, பிர்ச் மரப்பட்டையில் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துவருகின்றன. கடன், வழக்கு, சம்பந்தம் பேசுவது, வீட்டுச் சண்டை என்று சாதாரண ஆண்களும் பெண்களும் எழுதியவை. ஒன்பீம் என்ற சிறுவன் எழுத்துப் பழகியபடியே கிறுக்கிய படங்களும் உண்டு. மூன்றாம் இவான் 1478-ல் அந்த நகரத்தைப் பிடித்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தின் மணியை இறக்கி மாஸ்கோவுக்கு எடுத்துப்போனார். ரத்தத்திலேயே அடிமைத்தனம் இருந்த மக்களிடமிருந்து மணியைப் பறிப்பானேன்?

பரந்த நாட்டுக்குச் சர்வாதிகாரம்தான் பொருந்தும் என்பதற்குக் கனடாவே பதில். அதே குளிர், அதேபோல் பரந்த நிலம். உண்மையில் இந்த நம்பிக்கையை உற்பத்தி செய்தது பூகோளமல்ல, அரசுதான். 1833-ல் முதலாம் நிக்கோலஸின் கல்வி அமைச்சர் உவாரொவ் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம், தனியாட்சி, தேசியம் என்று மூன்றையும் கோத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 1947-ல் இயக்குநர் ஐஸன்ஸ்டைனைக் கிரெம்ளினுக்கு வரவழைத்த ஸ்டாலின், கொடிய இவான் செய்த தவறு மிச்சமிருந்த சில பிரபுக் குடும்பங்களை முழுதாக ஒழிக்காததுதான் என்று பாடம் சொன்னார். படத்தின் இரண்டாம் பாகம் 1958 வரை வெளிவரவில்லை. 2016-ல் ஓரெல் நகரத்தில் இவானுக்குச் சிலை வைத்தார்கள். ஜார்கள் ஆண்ட நூற்றாண்டுகளில்கூட எவரும் வைக்கத் துணியாத சிலை. ஒரு கொடுங்கோலரை அடுத்த கொடுங்கோலர் தூக்கிப்பிடிக்கிறார், நாம் அதை மக்களின் மனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கருத்துக்கணிப்புகளில் புதினுக்கு ஆதரவு இருக்கிறதே என்றும் காட்டுவார்கள். உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப்போட்டி நடத்துவது சரியா என்று மாமன்றக் கூட்டத்தில் கேட்ட மாஸ்கோ உள்ளாட்சி உறுப்பினர் அலெக்சேய் கோரினொவுக்கு 2022 ஜூலையில் 7 ஆண்டு சிறை விதித்தார்கள். அந்த நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அதிபரை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஸ்டாலின் காலத்துப் பலிகளின் பெயர்களைப் பத்தாண்டுக் கணக்கில் தேடித் தொகுத்த ‘மெமோரியல்’ அமைப்பை 2021 டிசம்பரில் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. எதிர்ப்பு அரசியல் தலைவர் நவால்னி 2024 பிப்ரவரியில் ஆர்க்டிக் சிறையில் இறந்தார். கைதாகலாம் என்று தெரிந்தே ஆயிரக்கணக்கான ரஷ்யர்கள் அவருடைய இறுதிச் சடங்குக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களும் ரஷ்யர்கள்தாம். “அந்த நாட்டுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் சரி” என்று இங்கிருந்து சொல்லும்போது, கோரினொவைச் சிறையில் வைத்தவர்கள் பக்கம் போய் நிற்கிறோம்.

2020-ல் திருத்திய அரசியல் சாசனப்படி புதின் 2036 வரை பதவியில் இருக்கலாம். இவானையும் பீட்டரையும் ஸ்டாலினையும் போலவே அவருக்கும் வாரிசு ஏற்பாடு கிடையாது. உக்ரைன் போர் தின்ற இளைஞர்கள், நாட்டைவிட்டு ஓடிய பொறியாளர்கள், உடைந்துபோன அண்டை உறவு எல்லாவற்றையும் அவருக்குப் பிறகு வருகிறவர் சுமக்கப்போகிறார். அவர் காலத்தில் ரூபிள் சரியலாம், ஏதாவதொரு பிரதேசம் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கலாம். அன்றைக்கு நம் பத்திரிகைகளில், புதின் இருந்தவரை நாடு பலமாக இருந்தது, மென்மையான இவர் வந்து கெடுத்தார் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கை 2000-லிருந்து தொடங்குங்கள் என்று அன்றைக்கும் கேட்பேன்.